வால்வு ரேடியோவின் பழைய ரெக்டிஃபையர்: கேள்வி பதில்

கேள்வி: என் செட்டில் செலினியம் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் தகட்டு அடுக்கு). இன்னும் நன்றாகத்தான் பாடுகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: பாடும்போதே மாற்றிவிடுங்கள். வயதாக ஆக செலினியம் தகட்டின் உள்தடை ஏறும், தகடு சூடாகும், பி பிளஸ் (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்) இறங்கி ஒலி மங்கும். ஒருநாள் கருகினால் அழுகல் நாற்றத்தோடு புகை வரும். அது நச்சுப் புகை. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: 1என்4007 டயோடு போட்டால் போதுமா?

பதில்: 1000 வோல்ட், 1 ஆம்பியர் டயோடு, தாராளம். பிளஸ் குறி இருந்த பக்கம் டயோடின் பட்டை வரட்டும். ஆனால் இதோடு பாதி வேலைதான் முடிந்தது. செலினியத்தில் ஒவ்வொரு தகட்டிலும் சுமார் 1 வோல்ட் இழப்பாகும். ஐந்தாறு தகடு, பழசானால் இன்னும் அதிகம். சிலிக்கானில் மொத்தமே 1 வோல்ட்தான். மிச்சமெல்லாம் பி பிளஸில் ஏறிவிடும்.

பேட்டரியிலும் மெயின்ஸிலும் ஓடும் போர்ட்டபிள் செட்டில்தான் ஆபத்து அதிகம். 1ஆர்5, 1யூ4 வால்வுகளின் ஃபிலமென்ட் (வால்வுக்குள் சூடாகும் இழை) 1.4 வோல்ட், 50 மில்லிஆம்பியர். மெயின்ஸில் ஓடும்போது அவை வரிசையாக இதே ரெக்டிஃபையரிலிருந்துதான் வாங்குகின்றன. வோல்டேஜ் ஏறினால் வால்வுகள் போய்விடும். அதனால் டயோடோடு சீரியஸில் 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்டுத் தொடங்குங்கள். சர்க்யூட் படத்தில் உள்ள வோல்டேஜ் வரும்வரை ரெசிஸ்டரின் ஓம் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்ஜ் ரெசிஸ்டரை (ஆன் செய்ததும் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது) கழற்ற வேண்டாம்.

கேள்வி: டயோடு போட்டபின், ஸ்டேஷன் பிடித்தால் மட்டும் ஹம் (ரீங்கார இரைச்சல்) கேட்கிறது.

பதில்: டயோடின் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட், 1000 வோல்ட் செராமிக் கண்டென்சர் போட்டுப் பாருங்கள். ஸ்டேஷன் இல்லாமலும் ஹம் வந்தால், டிசியைச் சமன்படுத்தும் ஃபில்டர் கண்டென்சர்களைப் பாருங்கள்.

கேள்வி: 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதிலும் டயோடு போடலாமா?

பதில்: வேண்டாம். வால்வையே தேடிப் போடுங்கள். டயோடு என்றால் மற்ற வால்வுகள் சூடாகும் முன்பே முழு வோல்டேஜ் வந்துவிடும்.

கேள்வி: 5ஒய்3 நேரடியாகச் சூடாகும் வால்வு ஐயா. அதுவும் சில நொடியில் வோல்டேஜ் கொடுத்துவிடுகிறதே? அதன் 5 வோல்ட், 2 ஆம்பியர் சுமை குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் குளிரும்.

பதில்: இரண்டும் நியாயம்தான். சூடாகும் நேரத்தை மட்டும் காரணமாகச் சொன்னது போதாது. ஆனால் 125 மில்லிஆம்பியரில் 5ஒய்3 ஏறக்குறைய 50 வோல்ட் தின்னும். டயோடு போட்டால் அந்த 50 வோல்ட் அவுட்புட் வால்வின் தலையிலும் ஃபில்டர் கண்டென்சர் தலையிலும்தான் விழும். டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றப்போய் அவற்றைப் பலி கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: அந்த 50 வோல்ட்டையும் ரெசிஸ்டரில் இறக்கிவிட்டால்?

பதில்: வால்வு கிடைக்கவே இல்லை என்றால் சரி. இரண்டு டயோடு, பொது ரெசிஸ்டர், அளந்து பார்த்து.

கேள்வி: எந்த டயோடு போடலாம்? 1என்4007 சரியா?

பதில்: மேலே விவரமாக இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், அளக்காமல் விடாதீர்கள்.

கேள்வி: சேசிஸை (உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தை) தொட்டால் சுர்ரென்கிறது.

பதில்: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் சேசிஸ் மெயின்ஸோடு நேராகச் சேர்ந்திருக்கலாம். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறக்காதீர்கள்.

கேள்வி: டிரான்சிஸ்டர் ரேடியோவில் கரகரப்பு?

பதில்: டிரான்சிஸ்டர் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: பழைய செலினியத்தை அழகுக்காக உள்ளேயே விடலாமா?

பதில்: விடலாம், இரண்டு வயரையும் கழற்றிய பிறகு. ஒரு வயரை மட்டும் விட்டுவைத்தாலும் அந்தத் தகடுகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.