ஏஎல்லில் அரசியல் விஞ்ஞானம்: கேட்டவைக்கு என் பதில்கள்

ஏஎல் (உயர்தரம்) அரசியல் விஞ்ஞானப் பாடம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளும் இரண்டொரு பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

களுவாஞ்சிகுடி, ஓஎல் முடித்த மாணவி: பாடமாக்கினாலே ஏ எடுக்கலாம் என்று சொல்லி இந்தப் பாடத்தை எடுக்கச் சொல்கிறார்கள். உண்மையா டீச்சர்?

பாடமாக்கினால் எஸ் (சாதாரண சித்தி) வரும், சில நேரம் சீயும் வரும். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், அதில் ஒன்றுக்கொன்று கிட்டக்கிட்ட இருக்கிற விடைகளில்தான் பிள்ளைகள் தடுமாறுவது. இரண்டாம் வினாத்தாளில் "ஆராய்க" என்று கேட்டதற்கு ரியூசன் நோட்டை அப்படியே இறக்கி வைக்கிறார்கள், பக்கத்து மேசைப் பிள்ளையும் அதே நோட்டைத்தான் இறக்கும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோரோ மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் வருகிறது. பத்திரிகை வாசிக்கப் பிடிக்கும் என்றால் எடுங்கள். பிடிக்காவிட்டால் புவியியல் இருக்கிறது, இந்து நாகரிகம் இருக்கிறது.

அக்கரைப்பற்று, தரம் 13: 1833, 1910, 1924, 1931 என்று அரசியல் சீர்திருத்தங்கள் எல்லாம் குழம்புது மிஸ். நினைவில் வைக்க ஏதும் சூத்திரம் இருக்கா?

சூத்திரத்தை விடுங்கள் தம்பி. முந்திய சீர்திருத்தத்தில் யாருக்கு என்ன குறை இருந்தது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். 1833இல் கோல்புறூக் தந்த சட்டநிரூபண சபையில் தேர்தலில் வந்தவர் ஒருவரும் இல்லை. படித்தவர்கள் குரல் கொடுக்க, 1910 குறூ மக்கலம் சீர்திருத்தம் "படித்த இலங்கையருக்கு" என்று ஒரேயொரு ஆசனம் கொடுத்தது, அதில் வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். 1924 மனிங் டெவன்சயரில் தெரிவானவர்கள் சபையில் பெரும்பான்மை, ஆனால் நிர்வாகம் தேசாதிபதியின் கையில். சபையில் கத்துகிறவருக்குப் பொறுப்பில்லை, பொறுப்புள்ளவருக்குச் சபையில் பலமில்லை. இந்த இழுபறிக்கு மருந்தாகத்தான் 1931இல் டொனமூர் யாப்பின் ஏழு நிர்வாகக் குழுக்கள் வந்தன. சர்வசன வாக்குரிமையும் அதோடுதான் வந்தது. அதே டொனமூர் இனவாரிப் பிரதிநிதித்துவத்தைத் தூக்கியதால் சிறுபான்மையினருக்கு வந்த பயம் பிறகு வந்த சோல்பரி அரசியல் யாப்பில், ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமான சட்டத்தைத் தடுக்கிற 29(2)ஆம் உறுப்புரை வரை போகிறது, 1972 யாப்பில் அந்த உறுப்புரையே இல்லாமல் போகிறது. இப்படிப் பிடித்தால் ஆண்டு தானாக வந்து ஒட்டும்.

வாழைச்சேனை, ஒரு தாய்: மகன் இதைப் படித்தால் கட்சி, கூட்டம் என்று திரிவானோ?

அம்மா, நம்ம ஊரில் கட்சிக்குப் பின்னால் திரிகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பாடம் படித்தவர்கள்? படிக்கட்டும் விடுங்கள்.

காத்தான்குடி, தரம் 13: விகிதாசார முறைக் கணக்கு மண்டையில் ஏறுதில்லை.

நம்ம மாவட்டத்தையே எடுப்போம். 2024 பொதுத் தேர்தலில் மட்டக்களப்புக்கு 5 ஆசனம். தமிழரசுக் கட்சிக்கு மூன்றில் ஒரு பங்களவு வாக்கு, ஆனால் கிடைத்தது 3 ஆசனம். எப்படி? முதலில் 5 சதவீதத்துக்குக் கீழ் எடுத்த கட்சிகளின் வாக்கைக் கழித்துவிடுங்கள். முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், அது தமிழரசுக்கு. மிச்சம் 4 ஆசனம், ஆகவே கழித்தபின் உள்ள வாக்கை 4ஆல் வகுக்க வேண்டும். வருகிற எண்ணை முழுதாகத் தாண்டியது தமிழரசு மட்டும்தான், அதற்கு இன்னொன்று. மீதி மூன்று ஆசனமும் மிஞ்சிய வாக்கு கூடியவர்களுக்கு: தேசிய மக்கள் சக்தி, முஸ்லிம் காங்கிரஸ், திரும்பவும் தமிழரசு. (22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் வராதது இந்த ஒன்றில் மட்டும், அது வேறு கதை.) அம்பாறைப் பிள்ளைகள் உங்கள் தேர்தல் மாவட்டமான திகாமடுல்லையின் 7 ஆசனத்துக்கு இதையே செய்து பாருங்கள், வகுப்பது 6ஆல்.

திருக்கோவில்: மாகாண சபைதான் இப்ப இல்லையே, அதிகாரப் பகிர்வு படிக்கத்தான் வேணுமா?

கட்டாயம். 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தம், 1988இல் இணைந்த வடக்கு கிழக்குக்குத் தேர்தல், 2006இல் இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2008இல் 37 உறுப்பினரோடு கிழக்குக்குத் தனிச் சபை. 2017இல் அதன் காலம் முடிந்தது, பிறகு சனாதிபதி நியமிக்கிற ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம். தெரிவான சபை இல்லாமலே மாகாண நிர்வாகம் நடக்கிறதென்றால் உண்மையில் பகிரப்பட்டது எது? இந்தக் கேள்வியை வைத்துக் கட்டுரை எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும். கட்சிகளைத் திட்டி எழுதினால் கிடைக்காது.

சம்மாந்துறை: சட்டம் படிக்க இந்தப் பாடம் கட்டாயமா? பிறகு எங்கே படிக்கலாம்?

கட்டாயமில்லை. யாப்பு ஏற்கெனவே தெரிந்திருந்தால் முதல் வருடம் கொஞ்சம் இலகு, அவ்வளவுதான். இந்தப் பாடத்திலேயே பட்டம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. எதற்குப் போனாலும் இங்கிலீஷை இப்போதே பாருங்கள், ஏஎல் முடிந்தபிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம்.