முதல் ஜாக்கில் கரகரப்பு, இரண்டாவது ஜாக்கில் முழு ஒலி

கேள்வி: என் தாய்மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஃபெண்டர் பேஸ்மேன் என்ற கிட்டார் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1960களின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டியும், ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரும் உள்ளன. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, பின்புறம் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதியுள்ள ஜாக்கில் வயரைச் செருகினால் ஒலி கரகரத்து விட்டுவிட்டு வருகிறது. அடுத்துள்ள கூடுதல் ஸ்பீக்கர் ஜாக்கில் செருகினால் குறையின்றி முழுமையாக வருகிறது. பழுதுபார்ப்பவர் ஒருவர், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, புதிதாகச் சுற்ற வேண்டும் என்கிறார். சுற்றக் கொடுக்கட்டுமா, அல்லது இரண்டாவது ஜாக்கையே பயன்படுத்திக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்க்கும்வரை அதைப் போடவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ட்ரான்ஸ்ஃபார்மர் பற்றிய அச்சத்தைப் போக்கிவிடலாம். வால்வுகளின் வெளியீட்டை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். இரண்டு ஜாக்குகளும் அதன் ஒரே சுற்றிலிருந்து இணையாக எடுக்கப்பட்டவை. அந்தச் சுற்று அறுந்திருந்தாலோ உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ எந்த ஜாக்கிலும் ஒலி சரியாக வராது. ஒன்றில் முழு ஒலி வருகிறதென்றால் வால்வுகளும் ட்ரான்ஸ்ஃபார்மரும் தம் வேலையைச் செய்கின்றன என்றுதான் பொருள். நல்ல நிலையில் உள்ள பழைய ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி எறிவது பெரும் இழப்பு. அதே சுற்று எண்ணிக்கையும் அதே தரமான இரும்புத் தகடும் கொண்டு மீண்டும் ஒன்றைச் செய்வது எளிதன்று.

ஆனால், இரண்டாவது ஜாக்கில் முழு ஒலி வருவது உண்மையில் நல்ல அறிகுறி இல்லை. இந்த ஆம்ப்ளிஃபயரின் முதல் ஜாக்கில், ப்ளக் செருகப்படாத வேளையில், ப்ளக்கின் நுனியைத் தொடும் உச்சித் தகட்டைத் தரை இணைப்போடு சேர்த்துவிடும் ஒரு சிறு தொடுமுனை உண்டு. ப்ளக் உள்ளே நுழையும்போது தகடு மேலெழுந்து அதிலிருந்து விலகும். எனவே முதல் ஜாக் காலியாக இருக்கும்போது, ட்ரான்ஸ்ஃபார்மரின் வெளியீடு முழுவதும் ஷார்ட் ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது ஜாக்கில் மட்டும் செருகினால் ஒலியே வரக் கூடாது. உங்களுக்கு வருகிறது. அப்படியானால் அந்தத் தொடுமுனை தொடவில்லை. முதல் ஜாக்கில் ப்ளக்கைப் பற்றும் இடமும் சரியாகத் தொடவில்லை என்பதைக் கரகரப்பு சொல்கிறது. ஒரே ஜாக்கின் இரண்டு தொடுமுனைகளிலும் களிம்பு ஏறியிருக்கிறது என்பதே என் முடிவு. தென்மேற்குப் பருவக்காற்றைவிட வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கோத்தகிரிப் பக்கம் அதிகம் நனைகிறது. நாள்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள் புகுந்து நிற்கும் அந்த மாதங்களில் உங்களுக்குப் பழுது தொடங்கியதில் வியப்பில்லை.

அந்தத் தொடுமுனை எதற்காக என்று தெரிந்தால் அதன் அருமை விளங்கும். மைக் செட் வாடகைக்கு விடுபவர்கள், ஸ்பீக்கர் வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது என்று சொல்லிப் பழகியவர்கள். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு அது சரி. வால்வு ஆம்ப்ளிஃபயர் இதற்கு நேர்மாறானது. வெளியீடு சிறிது நேரம் ஷார்ட் ஆனால் தாங்கிக்கொள்ளும். ஸ்பீக்கரே இல்லாமல் வெறுமையாக விடப்பட்டால்தான் ஆபத்து. சுமை இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறி, சுற்றுகளுக்கு இடையிலுள்ள காப்பைத் துளைக்கலாம், அல்லது வால்வு சாக்கெட்டில் பொறி பறந்து கரித்தடம் விழலாம். வயரைச் செருக மறந்து வாசித்துவிடுபவரிடமிருந்து ட்ரான்ஸ்ஃபார்மரைக் காப்பதற்காகவே அந்தத் தொடுமுனை வைக்கப்பட்டது. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் அந்தக் காவல் இப்போது இல்லை. முதல் ஜாக்கில் ஒலி அறுந்து அறுந்து வரும்போது நீங்கள் ப்ளக்கைத் திருகிக்கொண்டே வாசித்திருந்தால், ஒவ்வொரு முறை அறுந்தபோதும் ட்ரான்ஸ்ஃபார்மர் சுமையின்றி நின்றிருக்கும்.

உள்ளே கைவைக்கும் முன் ஸ்பீக்கர் பெட்டியையும் வயரையும் சோதித்துவிடுங்கள். பெட்டியிலிருந்து வரும் வயரின் ப்ளக்கில் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டு எடுத்தால் ‘டப்’ என்ற ஒலியோடு இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் போனால் கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மல்டிமீட்டரில், இணையாக இணைத்த இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 3 ஓம் காட்டும். 6 ஓம் அளவில் காட்டினால் ஒரு ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது. கிட்டாருக்குரிய மெல்லிய வயரை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பிறகு ஜாக். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். உயிரைப் பறிக்கப் போதுமான அளவு அது. ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் வடிந்ததை உறுதி செய்த பின்னரே விரல் வைக்க வேண்டும். பழக்கமில்லையென்றால் வால்வு ரேடியோ பழுதுபார்த்த அனுபவமுள்ளவரிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

டார்ச் வெளிச்சத்தில் ஜாக்கைப் பார்த்தால், வளைந்த தகட்டின் நுனியும் அது தொட வேண்டிய முனையும் பளபளப்பிழந்து கருத்திருப்பது தெரியும். சில ஜாக்குகளில் ஓரத்தில் பச்சைப் பூப்பும் இருக்கும். இங்கே மீட்டரை நம்பி ஏமாற வேண்டாம்: ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றின் மின்தடையே ஒரு ஓமுக்கும் குறைவு என்பதால், தொடுமுனை தொட்டாலும் தொடாவிட்டாலும் மீட்டர் ஏறத்தாழ ஒன்றுபோலவே காட்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் வயரை ஜாக்கிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

காண்டாக்ட் கிளீனரில் நனைத்த தடித்த காகிதத் துண்டை இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து, தகட்டை மெதுவாக அழுத்தி இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழாதவரை திரும்பத் திரும்பச் செய்யலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் முன்பைவிட மோசமாகக் கறுக்கும். தகடு தளர்ந்திருந்தால் புது ஜாக் போடுவதே நல்லது. சாதாரண மோனோ ஜாக்கைப் போட்டால் ஒலி வரும், பாதுகாப்பு வராது. ஸ்டீரியோ ஜாக்கிலும் மூன்று கால்கள் இருப்பதால் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ப்ளக் இல்லாதபோது மூடிக்கொள்ளும் வகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒலியைக் குறைவாக வைத்து, பெட்டியை இரண்டாவது ஜாக்கில் மட்டும் செருகிச் சில நொடிகள் வாசியுங்கள். ஒலி வராமல் இருந்தால் பழுது நீங்கிவிட்டது. உடனே வயரை முதல் ஜாக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதே வகை ஆம்ப்ளிஃபயரில் 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் இணைக்கலாமா?
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: இது 4 ஓமுக்கு அமைக்கப்பட்டது. 8 ஓம் இணைத்தால் ஆற்றல் குறையும்; வீட்டில் அளவான ஒலியில் வாசிப்பதற்குப் பெரும்பாலும் தாங்கும். மேடையில் முழு ஒலியில் வாசிப்பதற்கு அதையே நம்ப வேண்டாம். 8 ஓம் பெட்டி இன்னொன்று கிடைத்தால் ஒன்றை முதல் ஜாக்கிலும் மற்றதை இரண்டாவதிலும் செருகுங்கள். கணக்கு 4 ஓமுக்கு வந்துவிடும்.