பொறியில் விழுந்தது எந்தப் பழ ஈ?

கேள்வி: அழகர்கோவில் அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பும், அதன் ஓரமாகச் சில வரிசை கொய்யாவும், சற்றுத் தள்ளிப் பாகல் பந்தலும் உள்ளன. மாமரத்தில் கட்டிய மெத்தில் யூஜினால் பொறியில் கறுத்த ஈக்களும் செம்பழுப்பு ஈக்களும் கலந்து விழுகின்றன. இவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமா, அல்லது வெவ்வேறு இனங்களா? அதே பொறியைப் பந்தலில் கட்டினால் பிஞ்சுகள் புழுத்து உதிர்வது குறையவே இல்லை. ஏன்?
– வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: ஆணா பெண்ணா என்ற ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். மெத்தில் யூஜினால் ஆண் ஈக்களையே ஈர்க்கும் என்பதால், உங்கள் பொறியில் கிடப்பவை ஏறக்குறைய எல்லாமே ஆண்கள்தாம். பழத்தைத் துளைத்து முட்டையிடும் பெண் ஈக்கு வயிற்றின் நுனியில் கூரிய உறுப்பு ஒன்று நீண்டிருக்கும். அது இவற்றில் இராது. எனவே நீங்கள் கண்ட வேறுபாடு பெரும்பாலும் இன வேறுபாடுதான். ஆனால் உடல் நிறத்தை மட்டும் நம்பி இனத்தை முடிவு செய்ய வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். மாமரத்தில் மிகுதியாகக் காணப்படும் பாக்ட்ரோசீரா டார்சாலிஸ் என்ற கீழைப் பழ ஈயின் முதுகே கருமையிலிருந்து செம்பழுப்பு வரை மாறக்கூடியது. கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈயோ எந்த இனமானாலும் வெளிறித்தான் இருக்கும்.

நிறத்துக்கு முன்பாக இறக்கையைப் பாருங்கள். உலர்ந்த ஈயை வெள்ளைத் தாளில் வைத்து, ஓர் இறக்கையை ஊசிமுனையால் விரித்து, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியே அதன் முன்விளிம்பைத் தொடர்ந்து செல்லுங்கள். அடியிலிருந்து நுனி வரை மெல்லிய கரும்பட்டை அறுபடாமல் ஓடினால் அது டார்சாலிஸாக இருக்கலாம். வயிற்றின் மேல் ஆங்கில ‘T’ எழுத்தைப் போன்ற கருங்குறியும் இருந்தால் ஐயம் இன்னும் குறையும். பட்டை நடுவில் அற்றுப்போய், நுனியில் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தால், அது பாக்ட்ரோசீரா வகையின் வேறு இனங்களான சோனேட்டா அல்லது கரெக்டா. இவ்விரண்டும் மா, கொய்யா இரண்டையுமே தாக்குவதால், எந்தப் பழத்தில் கிடைத்தது என்பதை வைத்து இவற்றைப் பிரிக்க இயலாது.

இங்கே முகம் உதவும். ஈயை மல்லாத்தி, உணர்கொம்புகளுக்குக் கீழே பாருங்கள். சோனேட்டாவுக்கு அங்கே தனித்தனியாக இரண்டு கரும்புள்ளிகள் இருக்கும். கரெக்டாவுக்கு அவை பக்கவாட்டில் நீண்டு, ஒன்றையொன்று தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி, முகத்தின் குறுக்கே கோடிட்டதாகத் தோன்றும். இதைப் பார்த்த பிறகு உடல் நிறத்துக்கு வாருங்கள்: சோனேட்டாவின் முதுகு செம்பழுப்பு, கரெக்டாவின் முதுகு கருமை. நீங்கள் எழுதியிருக்கும் செம்பழுப்பு ஈக்கள் சோனேட்டாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; இறக்கையும் முகமும் அதை உறுதிசெய்ய வேண்டும்.

பாகல் ஈயின் கதை வேறு. சியூகோடாகஸ் குகர்பிடே என்று இப்போது வழங்கும் இந்த ஈ, பழைய நூல்களில் டாகஸ் என்றோ பாக்ட்ரோசீரா என்றோ இருக்கும். மா ஈக்களின் முதுகில் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு மஞ்சள் கோடுகளே உண்டு. இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கும். இறக்கைப் பட்டை நுனியில் அகன்று திட்டாகும். இறக்கையின் குறுக்கு நரம்பு ஒன்றின் மீதும் கருநிழல் படிந்திருக்கும். இதன் உறவினமான டாவ் என்ற ஈக்கும் மூன்று கோடுகள் உண்டு, ஆனால் அந்த நரம்பு நிழல் இராது. இவ்விரண்டின் ஆண்களும் மெத்தில் யூஜினாலைத் தேடி வருவதில்லை. அவற்றை ஈர்ப்பது கியூ லூர் என்ற வேறோர் ஈர்ப்புப் பொருள். பந்தலில் பொறி பயன்படாததற்கு இதுவே காரணம்; பொறியில் ஈ விழவில்லை என்பதற்காகப் பந்தலில் ஈ இல்லை என்று கொள்ளக் கூடாது.

கைலென்ஸ் எட்டாத இடமும் உண்டு. டார்சாலிஸுக்கு மிக நெருங்கிய இனங்கள் பல. 1994இல் வெளியான ஆய்வு ஒன்று ஆசியாவில் மட்டும் 52 இனங்களை அக்கூட்டத்தில் சேர்த்தது. 2003இல் கென்யாவில் கண்டறியப்பட்டு, 2005இல் இன்வாடென்ஸ் என்று புதிய இனமாகப் பெயரிடப்பட்ட ஈயை, மரபணு, இனச்சேர்க்கை, உடலமைப்பு ஆகிய அனைத்தையும் ஒப்பிட்டபின் 2015இல் டார்சாலிஸே என்று அறிவித்தனர். வல்லுநர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்னும்போது, நமக்கு ஐயம் எழுவது இயல்பு. தென்னிந்தியாவில் கேரியே என்ற இனமும் டார்சாலிஸோடு குழம்பக்கூடியது. கால்களின் தொடைப்பகுதியில் கருந்திட்டு தெரிந்தால் அந்த ஈயைத் தனியே எடுத்து வையுங்கள்.

உறுதியான விடை வேண்டுமென்றால் பொறி ஈக்களை மட்டும் அனுப்பாதீர்கள். நாள்பட்டுக் கிடந்தவை இறக்கை கிழிந்து நிறம் மங்கியிருக்கும். புழு விழுந்த பழங்களை ஈர மணல் பரப்பிய வாளியில் இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். புழுக்கள் மணலில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, பின் ஆணும் பெண்ணுமாக ஈக்கள் வெளிவரும். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்துச் சில நாள் உயிரோடு விட்டால் நிறம் முழுமையாகத் தேறும். அதன்பின் எந்தப் பயிர், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டோடு, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறைக்குக் கொண்டு செல்லுங்கள். அதற்கிடையில் பந்தலில் கியூ லூர் பொறியைக் கட்டிவிடுங்கள். இரண்டு ஈர்ப்புப் பொருள்களையும் ஒரே பொறியில் கலக்க வேண்டாம்.