“இதுவும் அதேதான்” என்று கொடுத்த மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 29. மூன்று மாதமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த முறை மருந்துக்கடையில் வழக்கமான பெயர் இல்லை. “இதுவும் அதேதான்” என்று வேறு பெட்டியைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உள்ளே இருந்த சீட்டைப் படித்தால் ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. சாப்பிடலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: சீட்டைப் படித்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். பலரும் அதைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சீட்டு சும்மா வந்ததல்ல. 1960-ல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது, அதை விழுங்கப்போகும் பெண்ணுக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைய மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இன்றைய அளவைப்போலப் பல மடங்கு. ரத்தக்கட்டி பற்றிய செய்திகள் குவிந்த பிறகு, 1970-ல் செனட்டர் கேலார்ட் நெல்சன் தலைமையில் விசாரணை நடந்தது. மாத்திரை சாப்பிட்ட பெண்களில் ஒருவரைக்கூட ஏன் சாட்சி சொல்ல அழைக்கவில்லை என்று பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்களே எழுந்து கேட்டார்கள். அதே ஆண்டில்தான் பெட்டிக்குள் சீட்டு வைக்க வேண்டும் என்றானது.

ஆனால் சீட்டு அபாயங்களை அடுக்கும் வேகத்தில், எத்தனை பேருக்கு வருகிறது என்பது கண்ணில் படாமல் போய்விடும். ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் ஆராய்ந்து சொன்ன கணக்கு இது. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், ஓராண்டில் சுமார் 2 பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வருகிறது. ஈஸ்ட்ரோஜனோடு இரண்டாவது ஹார்மோனாக லெவோநார்ஜெஸ்ட்ரல் சேர்ந்த மாத்திரை என்றால் 5 முதல் 7 பேர். டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன், ட்ரோஸ்பைரினோன் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களிலும் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மாத்திரையால் வருவதைவிட அதிகம். இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

இப்போது உங்கள் கடைக்காரரின் “அதேதான்”. பெட்டியின் பெரிய எழுத்தை விடுங்கள், கீழே பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு மருந்துப் பெயர்களையும் மில்லிகிராம் அளவையும் பழைய அட்டையோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கம்பெனி வேறாக இருந்தாலும் கவலை வேண்டாம். இரண்டாவது பெயர் மாறியிருந்தால் அது அதே மாத்திரை இல்லை, கடைக்காரர் தானாக மாற்றவும் கூடாது. அட்டையை உடைக்காமல் பில்லோடு போய்ப் பழையதைக் கேளுங்கள். அது கிடைக்கவில்லை என்றால், மாற்றிச் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பயந்து நிறுத்துவது, இரண்டு மாதம் கழித்து மனசு தேறி மறுபடி தொடங்குவது. ரத்தக்கட்டி வாய்ப்பு முதல் ஆண்டில்தான் அதிகம். நான்கு வாரமோ அதற்கு மேலோ விட்டுவிட்டுத் தொடங்கினால் அது மறுபடியும் ஏறும்.

ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை யாருக்கு ஆகாது? 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள், ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள், முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், குழந்தை பெற்று ஆறு வாரம் ஆகாத தாய்மார்கள். ஒற்றைத் தலைவலி தொடங்கும் முன் கண்ணில் வளைவளைவாக ஒளிக்கோடு தெரிபவர்களும் இதில் சேர்த்தி. பலர் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. அவரும் கேட்க மறந்துவிடுகிறார். இவர்களில் பலருக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை இருக்கிறது. உங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை என்றால், ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத் தொடரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இந்த மாத்திரையால் புற்றுநோய் வரும் என்கிறார் ஒருவர், தடுக்கும் என்கிறார் இன்னொருவர். எது உண்மை?

பதில்: இரண்டும்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. புகையிலையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அதற்காக இரண்டும் ஒரே அளவு கெடுதல் என்று அர்த்தமில்லை; சான்று உறுதியாக இருக்கிறது என்பதுதான் அந்தப் பட்டியலின் பொருள். சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. 2017-ல் வந்த டென்மார்க் ஆய்வின் கணக்குப்படி, ஓராண்டில் சுமார் 7,700 பெண்களுக்குக் கூடுதலாக ஒருவர். நிறுத்திய பிறகு இது படிப்படியாகக் குறைகிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் சாப்பிட்டால் கருப்பைவாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் ஏறும் என்பதால், அதற்கான பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மறுபக்கம், சினைப்பை, கருப்பை உட்சுவர் ஆகிய இரண்டு புற்றுநோய்களும் குறைகின்றன. அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் நீடிக்கிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தால் வாங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் இந்த ஒரு காரணத்துக்காக மாத்திரையைத் தொடங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: கல்யாணமாகாத 19 வயது மகளுக்கு மாதவிலக்கு வலிக்கும் அதிக உதிரப்போக்குக்கும் இந்த மாத்திரையை எழுதியிருக்கிறார் டாக்டர். பின்னால் குழந்தை பிறக்காமல் போய்விடுமோ? உடம்பு வேறு போட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: குழந்தைப்பேறு கெடாது. நிறுத்தியதும் கருமுட்டை வெளிவருவது பழையபடி தொடங்கிவிடும். சொல்லப்போனால், இந்த மாத்திரை 1957-ல் முதன்முதலாக அனுமதி வாங்கியதே மாதவிலக்குக் கோளாறுகளுக்குத்தான். கருத்தடை என்ற பெயர் மூன்று ஆண்டு கழித்து வந்தது. வலியும் உதிரப்போக்கும் குறையும், அதனால் ரத்தசோகையும் தேறும். பலருக்கு முகப்பருவும் அடங்கும். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், மார்பில் வலி, இடையிடையே திட்டுத்திட்டாக உதிரம் படுவது இருக்கலாம். எடை பெரிதாக ஏறுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. மனநிலையை மட்டும் கவனியுங்கள். மகள் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து ஒதுங்கினால், பழகிவிடும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் சாப்பிடுவது தொல்லை. தேவைப்படும்போது அவசர மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையைப் பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை ஏற்கெனவே வெளிவந்திருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை. அடிக்கடி போட்டால் மாதவிலக்குத் தேதி குழம்பும். தினசரி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஓராண்டில் 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்காது. மறந்து மறந்து சாப்பிடும் நடைமுறையில் அதுவே சுமார் 7 பேர் ஆகிறது. தினசரி நினைவு வைப்பது உங்களுக்குச் சரிப்படாது என்றால், காப்பர்-டி பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: வேறு மருந்தோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: சாதாரண ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபைன், ஃபெனிட்டாயின் ஆகியவை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். மூலிகை என்று மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வார்ட்டும் அப்படித்தான்.