முகாம் பட்டியலை அடுத்த அமைப்புக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: வெள்ள நிவாரணத்தில் இருக்கும் சிறிய தொண்டு அமைப்பு நாங்கள். முகாமில் நாங்கள் எடுத்த குடும்பப் பட்டியலில் பெயர், கைபேசி எண், அடையாள எண், நோய் விவரம் எல்லாம் இருக்கிறது. வேறு இரண்டு அமைப்புகள் அதைக் கேட்கின்றன. கொடுக்காவிட்டால் ஒரே குடும்பத்துக்கு மூன்று முறை போர்வை போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: தகவலைக் கொடுங்கள், பட்டியலைக் கொடுக்காதீர்கள். போர்வை இரட்டிப்பாகப் போகாமல் தடுக்கப் பெரும்பாலும் பெயர் வேண்டியதில்லை. யார், என்ன, எங்கே என்ற மூன்று விவரம் போதும், ஐ.நா.வின் நிவாரண ஒருங்கிணைப்பாளர்களும் இப்படித்தான் அட்டவணை போடுகிறார்கள். "பள்ளி முகாம், 42 குடும்பம், குடிநீர் வந்தது, போர்வை பாக்கி, இன்று காலை 8 மணி நிலவரம்." இவ்வளவுதான். நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேற்றைய கணக்கை நம்பி இன்று லாரி கிளம்பிவிடும்.

"எல்லா அமைப்புகளின் தரவையும் ஒரே செயலியில் சேர்த்துத் தருகிறோம், இலவசம்" என்று இந்தச் சமயத்தில் சிலர் வருவார்கள். முதலில் கேட்பதே கைபேசி எண்ணும் அடையாள எண்ணும்தான். தரவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல கையில் இருந்தாலும் ஆபத்து உண்டு: சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் தரவே ஊடுருவப்பட்டு, 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அம்பலமானது 2022 ஜனவரியில் தெரியவந்தது.

ஒரு விதிவிலக்கு, காணாமல் போனவரைத் தேடுவது. அங்கே பெயர் வேண்டும். ஆனாலும் தேடி வருபவரிடம் "அவர் இந்த முகாமில்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிடாதீர்கள். அடிக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த பெண்ணைக் கணவனும் "காணவில்லை" என்றுதான் தேடுவான். முதலில் அவரிடம் "உங்களை இன்னார் தேடுகிறார்" என்று சொல்லுங்கள். பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

பெரிய அமைப்புகளிடம் எனக்கு ஆதங்கம் உண்டு. தரவைப் பகிரப் பொதுவான வடிவம் எப்போதோ வந்துவிட்டது. இன்னமும் ஆளுக்கொரு படிவத்தோடு வந்து, எல்லாம் இழந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் "வீட்டில் எத்தனை பேர்?" என்று ஐந்தாவது முறை கேட்கிறார்கள். அவர்கள் திருந்தும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது.

அப்புறம், எக்செல் கோப்பில் பெயர் நெடுவரிசையை மறைத்து அனுப்பினால் அது போய்விட்டதாக அர்த்தமில்லை. வாங்குபவர் இரண்டு சொடுக்கில் திறந்துவிடுவார். தேவையான எண்களை மட்டும் புதிய கோப்பில் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.