55 வயதில் ஈ.பி.எவ். பணத்தை எடுத்துவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. புறக்கோட்டையில் ஒரு தனியார் கம்பனியில் வேலை, சம்பளம் 120,000 ரூபா. ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் சுமார் 60 இலட்சம் இருக்கிறது. 55 ஆனதும் வேலையை விட்டு, அந்தப் பணத்தைக் கூடிய வட்டி தரும் ஒரு நிதிக் கம்பனியில் போட்டு மாத வட்டியில் இருப்போம் என்கிறார். வெள்ளவத்தையில் சொந்த வீடு இருக்கிறது. இது சரிவருமா?

பதில்: வீட்டு வாடகை இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் இந்தத் திட்டம் சரிவராது.

ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் ஈ.பி.எவ். பணத்தைக் கேட்டுப் பெறலாம். அது உரிமை மட்டுமே, அந்த வயதில் எடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயது 60. வயதைக் காரணம் காட்டி அதற்கு முன் அவரை அனுப்ப முடியாது.

கணக்கைப் பார்ப்போம். வைப்பு வட்டி 8%, பணவீக்கம் மத்திய வங்கியின் இலக்கான 5% என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 இலட்சத்துக்கு மாத வட்டி 40,000 ரூபா. அதை முழுவதும் செலவழித்தால், பத்து வருடத்தில் அதே 40,000க்கு இன்றைய 24,500 ரூபாவின் சாமான்தான் வரும். வட்டியில் பெரும்பகுதி உண்மையில் வருமானமே அல்ல, விலைவாசியால் முதற்பணத்தில் விழும் ஓட்டையை அடைக்கும் பணம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 69.8% ஏறியிருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விலைவாசியோடு தொகையையும் கூட்டிக்கொண்டு, 85 வயது வரை முதலையும் சேர்த்துக் கரைப்பதென்றால், 55இல் தொடங்குபவர் மாதம் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 25,500 ரூபா.

60 வரை வேலை செய்தால்? அவருடைய 8%, கம்பனியின் 12% என்று மாதம் 24,000 தொடர்ந்து சேரும். அதே 8% வளர்ச்சியில் 60 வயதில் ஏறக்குறைய 105 இலட்சம். இன்றைய பெறுமதியில் அது 82 இலட்சம். 85 வரை மாதம் 39,000 ரூபாவுக்குச் சற்று மேல் எடுக்கலாம். கம்பனி தனியாகக் கட்டும் ஈ.டி.எவ். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% இதில் சேரவில்லை. பணிக்கொடையும் சேரவில்லை: 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளத்தை வைத்தே மொத்தச் சேவைக்காலத்துக்கும் கணக்குப் போடுவதால், இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்வும் பழைய வருடங்களுக்கும் சேர்த்துப் பலன் தரும்.

இனி நிதிக் கம்பனி. மற்ற இடங்களைவிட இரண்டு மூன்று வீதம் கூடத் தருகிறார்கள் என்றால், அந்தக் கூடுதல் நீங்கள் சுமக்கும் ஆபத்துக்கான விலை. மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற கம்பனியானாலும், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். ஒரே இடத்தில் மூன்று கணக்கு வைத்தாலும் அதே 11 இலட்சம்தான். 2020இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதி இரத்தானபோது அந்த எல்லை 6 இலட்சமாக இருந்தது. 60 இலட்சத்தையும் ஓரிடத்தில் போடுவது எந்த வட்டிக்கும் தகாது. அனுமதியே இல்லாமல் பணம் திரட்டுபவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

பணம் கைக்கு வரும் நாளில் ஆறு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். அடுத்த இரண்டு மூன்று வருடச் செலவை வெவ்வேறு வங்கிகளில், உங்கள் பெயரிலும் அவர் பெயரிலுமாக, முதிர்வுத் திகதி தள்ளித் தள்ளி வரும் நிலையான வைப்புகளாகப் போடுங்கள். எல்லாம் ஒரே நாளில் முதிர்ந்தால், அன்றைக்கு வட்டி விழுந்திருந்தால் மொத்தமாக மாட்டிக்கொள்வீர்கள். மிகுதியில் பெரும்பகுதிக்குத் திறைசேரி உண்டியல், முறிகள் (அரசாங்கம் வெளியிடும் குறுகிய, நீண்ட காலக் கடன் பத்திரங்கள்). உண்டியலை முகப்பெறுமதியைவிடக் குறைந்த விலையில் வாங்கி 91, 182 அல்லது 364 நாளில் முழுத்தொகை பெறுவீர்கள். வாங்கியது மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் பதிவில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று கூற்றைக் கேட்டுப் பாருங்கள். முகவரின் ரசீது மட்டும் போதாது.

வட்டியில் 10% நிறுத்திவைத்தல் வரி கழியும். ஓய்வுக்குப் பிறகு வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். இது பலர் விட்டுவிடும் காசு.

ஆனால் இந்த மாதமே செய்யவேண்டிய வேலை வேறு. ஈ.பி.எவ். கூற்றையும் தேசிய அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எச் கூடிக் குறையும். இதனால் கோரிக்கை திரும்பி வரலாம். பழைய கம்பனியில் வேறு உறுப்பினர் இலக்கம் இருந்தால் அதையும் எழுதி எடுங்கள். சம்பளத்தில் கழித்த தொகை மாதாமாதம் வரவாகியிருக்கிறதா என்றும் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். மாதம் விடுபட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இரண்டு பெயரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசி ஆகியவற்றோடு நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்துக்கு அவர் இப்போதே போகலாம். அப்படியே பின்னுரித்தாளியாக (அவருக்குப் பின் பணத்தைப் பெறுபவராக) யார் பெயர் இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தால், அங்கே இன்னும் அவருடைய அம்மாவின் பெயர் இருக்கக்கூடும்.