பிளேட் வாங்கும் முன் தேதியைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, அச்சு வேலையைப் பற்றியவை. கல்யாணப் பத்திரிகை, காவடித் திருவிழா நோட்டீஸ், ரப்பர் ஸ்டாம்ப் என்று வீட்டோடு சேர்த்துச் சின்ன அச்சகம் நடத்துகிறவர்கள் டர்பன் பக்கம் இன்னும் இருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். அவர்கள் கேட்பதெல்லாம் போட்டோபாலிமர் பிளேட்டைப் பற்றி. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: புற ஊதா ஒளி பட்ட இடத்தில் இறுகும் பிசின் பூசிய தகடு அது. எழுத்து மட்டும் ஒளி விடும் கறுப்புப் பிலிமான நெகட்டிவை மேலே வைத்து ஒளி காட்டினால் எழுத்து இறுகும். மற்ற இடம் தண்ணீரில் கழுவினால் கரைந்து போகும். எழுத்து மட்டும் மேடாக நிற்கும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): கையால் இயக்கும் சிறிய அச்சு இயந்திரம் வைத்திருக்கிறேன். கடையை மூடும் ஒருவர், ஒரு பெட்டி பிளேட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். பெட்டியைப் பிரிக்கவே இல்லையாம். வாங்கலாமா ஐயா?

பெட்டி பிரிக்காமல் இருப்பது முக்கியமில்லை ஐயா. எப்போது தயாரித்தது, எங்கே வைத்திருந்தார் என்பதுதான் முக்கியம். ஒளி காட்டாத பிளேட்டுக்கு ஆயுள் உண்டு. நல்ல இடத்தில் வைத்தால் தயாரித்த நாளிலிருந்து சுமார் 12 மாதம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வெயில் காய்ந்த கராஜில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடைகாலம் கிடந்த பிளேட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பிசின் இருட்டிலேயே மெல்ல இறுக ஆரம்பித்துவிடும்.

பெட்டியின் மேல் தயாரித்த தேதியோ தொகுதி எண்ணோ இருக்கும். அது கிழிந்திருந்தால் பாதி விலையும் அதிகம்தான். தேதி சரியாக இருந்தாலும் ஒரு துண்டைச் சோதித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சோதனை சுலபம். வெயில் படாத அறையில், மஞ்சள் விளக்கில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரு ரேண்ட் நாணயத்தை வைத்து, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒளி காட்டுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நாணயம் இருந்த இடம் அடித்தகடு வரை சுத்தமாகக் கரைந்து, அந்த வட்டத்தின் ஓரம் கூர்மையாக நிற்க வேண்டும். வட்டத்துக்குள் வழவழவென்று ஒரு படலம் ஒட்டிக்கொண்டு போக மறுத்தால் பிளேட் கெட்டுப்போய்விட்டது. எவ்வளவு தேய்த்தாலும் வராது.

நல்ல சரக்காக இருந்தால் வாங்குங்கள். ஆனால் கறுப்பு உறையை மூடி, குளிர்ந்த இடத்தில் படுக்கையாக வையுங்கள். தண்ணீரில் கழுவும் பிளேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டர்பன் ஜனவரியில் அது பிசுபிசுக்கும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் காய்ந்து ஓரம் சுருளும், வெடிக்கும். அச்சடித்து முடித்த பிளேட்டையும் காற்றுப் புகாத பையில் போட்டு வைத்தால்தான் அடுத்த முறைக்கு உதவும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): மகள் கல்யாணப் பத்திரிகைக்குக் கடையில் பிளேட் செய்யக் கொடுத்தோம். அச்சடித்துப் பார்த்தால் பல எழுத்துகளில் புள்ளியே இல்லை. “திருமணம்” என்பது “திருமணம” என்று நிற்கிறது. கடைக்காரர், நீங்கள் கொடுத்த ஃபைலில்தான் தப்பு என்கிறார். யார் பக்கம் நியாயம்?

அம்மா, கல்யாண வேலைக்கு நடுவில் இப்படி ஆனது எவ்வளவு சங்கடம் என்று புரிகிறது. நியாயம் யார் பக்கம் என்பதை நெகட்டிவே சொல்லிவிடும். அது உங்கள் பணத்தில் எடுத்தது, கேட்டு வாங்குங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு பூதக்கண்ணாடியால் “ம்” எழுத்தைப் பாருங்கள். நெகட்டிவில் எழுத்து கண்ணாடிபோலத் தெளிவாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் இருக்கும். மேலே புள்ளி ஊசித் துளைபோல வெளிச்சம் விட்டால் ஃபைல் சரி. துளையே இல்லாவிட்டால் ஃபைலில்தான் கோளாறு. எழுத்துருவை வடிவக் கோடுகளாக மாற்றாமல் அனுப்பினால், கடையின் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாதபோது புள்ளி விலகும், கொம்பும் காலும் இடம் மாறும்.

இனி பிளேட்டைப் பாருங்கள். நெகட்டிவில் புள்ளி இருந்து, பிளேட்டில் அந்த இடத்தில் ஒரு சின்ன முளை தேய்ந்தோ முறிந்தோ நின்றால், ஒளி போதாமல் அது வேர் பிடிக்கவில்லை, அல்லது கழுவும்போது பிரஷ் அடித்துக்கொண்டு போய்விட்டது. அது கடை வேலையில் வந்த குறை.

நம் எழுத்துக்கு இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேட்டில் தனியாக நிற்கும் கோட்டை விடத் தனியாக நிற்கும் புள்ளி பலவீனமானது. கோட்டுக்கு நீளம் முழுக்க அடித்தளம் உண்டு. புள்ளி ஒற்றைக் காலில் நிற்கிறது. பல பிளேட்டுகளின் தகவல் தாளில் தனிக் கோடு 0.05 மில்லிமீட்டர் வரை நிற்கும், தனிப் புள்ளிக்கு 0.2 மில்லிமீட்டராவது வேண்டும் என்றிருக்கும். 8 பாயின்ட் எழுத்தின் மொத்த அளவே 2.8 மில்லிமீட்டர். மெல்லிய எழுத்துருவில் அதன் புள்ளி இந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்குத்தான் புள்ளி. நமக்கோ வரிக்கு வரி மெய்யெழுத்து. புள்ளியைக் காப்பாற்ற ஒளியைக் கூட்டினால் ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நெகட்டிவின் கறுப்பு போதுமான அடர்த்தியில்லாமல் ஒளி கசிந்தாலும் இதே கதிதான். அதனால் 10 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள், கொஞ்சம் தடித்த எழுத்துருவாக எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 1903-இல் டர்பனில் இந்தியன் ஒப்பீனியன் தொடங்கியபோது அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம் அது. இன்று ஈயத் தமிழ் எழுத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, எந்த எழுத்துருவையும் பிளேட்டாக்கலாம். அந்த வசதியைப் புள்ளியோடு அனுபவிப்போமே.

சட்டத்துக்கு வருவோம். நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி, செய்து கொடுத்த வேலை தரமாக இல்லையென்றால், குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், அல்லது குறைக்கு ஏற்ற அளவு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இன்னொன்று, 55-ஆவது பிரிவு. எதற்காக வாங்குகிறோம் என்பதைக் கடைக்காரரிடம் குறிப்பாகச் சொல்லியிருந்து, அவரும் அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்பவராகவோ விவரம் தெரிந்தவர்போல நடந்துகொள்பவராகவோ இருந்தால், அந்தக் காரியத்துக்குப் பொருள் பொருந்தும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு ஈமெயிலில் எழுதிவிடுங்கள்: “இது தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, சிறிய எழுத்தும் புள்ளிகளும் உண்டு, புள்ளி விழாமல் வேண்டும்.” கூடவே, படிப்படியாகக் கருமை ஏறும் சாம்பல் அளவுப் பட்டையைப் பிளேட்டின் ஓரத்தில் சேர்த்து ஒளி காட்டச் சொல்லுங்கள், அதை வெட்டி எறிய வேண்டாம் என்றும் எழுதுங்கள். எத்தனையாவது படி வரை பிசின் நின்றது என்பதிலிருந்து ஒளி போதியதா என்று யாரும் எண்ணிப் பார்த்துவிடலாம். வாய்ச் சண்டைக்கு வேலையே இருக்காது.

கடைக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றால் பிழை பார்ப்பது உங்கள் பொறுப்பாகிவிடும். நெகட்டிவைப் பார்க்காமல் சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போதைக்கு நெகட்டிவையும் பிளேட்டையும் போட்டோ எடுத்துக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோரிடம் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பத்திரிகை அவசரமென்றால் முதலில் வேறு பிளேட் செய்துகொள்ளுங்கள் அம்மா. பழைய பிளேட்டைப் பத்திரமாக வையுங்கள், வழக்கு காத்திருக்கும், முகூர்த்தம் காத்திருக்காது.

கேள்வி (மியர்பேங்க்): இரும்புத் தகட்டில் வரும் பிளேட் நல்லதா, பிளாஸ்டிக்கில் வருவதா?

உங்களிடம் பிளேட்டை மேலே வைத்து அச்சடிக்கும் காந்த அடித்தளம் இருந்தால் இரும்பு, இல்லையென்றால் பிளாஸ்டிக். இரும்பைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஈய எழுத்தின் உயரம் 23.32 மில்லிமீட்டர். அடித்தளமும் பிளேட்டும் ஒட்டும் தாளும் சேர்ந்து அந்த உயரம் வர வேண்டும். 0.95 மில்லிமீட்டர் பிளேட்டுக்குச் செய்த அடித்தளத்தில் 1.52 மில்லிமீட்டர் பிளேட்டை ஒட்டினால் காகிதம் கிழியும், உருளையும் பாழாகும். தடிமனைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (டொங்காட்): பிளேட்டுக்கு ஒளி காட்டும் பழைய அமெரிக்க இயந்திரம் ஆன்லைனில் மலிவாக வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும் என்கிறார்கள். எடுக்கலாமா அண்ணா?

ஓடும், ஆனால் சரியாக ஓடாது தம்பி. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய குழல் விளக்குகளின் சோக் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. 50-இல் அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகும். சுழலும் முள் வைத்த பழைய டைமரும் மெதுவாக ஓடும். 60 விநாடி வைத்தால் உண்மையில் 72 விநாடி ஒளி விழும். காரணம் தெரியாமல் சுழி அடைத்த பிளேட்டாக வந்துகொண்டே இருக்கும்.

விளக்கையும் பாருங்கள். எரிகிறதே என்று நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் அப்படியே இருக்க, பிசினை இறுக்கும் புற ஊதா குறைந்துகொண்டே போகும். இந்தப் பிளேட்டுகளுக்கு 365, 370 நானோமீட்டரை ஒட்டிய ஒளி வேண்டும். மாற்றுக் குழல் இங்கே கிடைக்குமா என்று எண்ணைப் பார்த்து விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

செலவு விளம்பரத்தில் இருக்கும் விலையோடு நிற்காது. இறக்குமதியில் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி போடும்போது பொருளின் மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, சுங்க வரி இருந்தால் அதையும் சேர்த்து, அதன் மேல் 15 சதவீதம் கணக்கிடுவார்கள். 4000 ரேண்ட் மதிப்புக்குச் சுங்க வரியே இல்லாவிட்டாலும் 660 ரேண்ட் வாட். அப்புறம் கூரியர்காரரின் கட்டணம், அனுப்பும் செலவு. வெளிநாட்டில் இருக்கும் விற்பனையாளரிடம் நம் சட்டத்தைக் காட்டிப் பணம் திரும்ப வாங்குவதும் லேசான காரியமில்லை.

இங்கேயே பழைய இயந்திரம் தேடுங்கள் என்பேன். அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. தொழிலாக விற்கும் கடையில் வாங்கினால், குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பதா, வேறு பொருளா, பணமா என்று நீங்களே சொல்லலாம். எந்தக் குறையைக் குறிப்பிட்டுச் சொல்லி, அதோடு நீங்கள் சம்மதித்து வாங்கினீர்களோ அதற்கு மட்டும் இது பொருந்தாது. தனி ஆள் ஒருவர் தன் வீட்டுச் சாமானை “ஃபுட்ஸ்டூட்ஸ்” என்று விற்றால் இருக்கிறபடி எடுத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். குறை தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழி உண்டு. ஆகவே நேரில் போங்கள், ஒரு பிளேட் செய்து காட்டச் சொல்லுங்கள். நம்பர், டயல், விளக்கு எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.

கேள்வி (லெனேசியா): வீட்டில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து விற்கிறேன். ஸ்டாம்புக்கான திரவப் பிசின் விலை ஏறிவிட்டது. முப்பரிமாண அச்சுக்கான பிசின் மலிவாக இருக்கிறதே, நகப் பாலிஷ் விளக்கில் வைத்துச் செய்யலாமா? கொஞ்ச நாளாக விரல் நுனியில் அரிப்பும் இருக்கிறது.

அரிப்பை முதலில் பார்ப்போம் அம்மா. இறுகாத பிசினில் அக்ரிலேட் வகைப் பொருள்கள் இருக்கின்றன. தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. ஜெல் நகப் பூச்சு, பல் அடைக்கும் பசை என்று பிறகு எதைத் தொட்டாலும் கிளம்பலாம். வேலையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிசின் விற்றவரிடம் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி அதையும் எடுத்துப் போங்கள். 16 பகுதிகள் கொண்ட தாள் அது; உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். அதைத் தர மறுக்கும் கடையில் இனி வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

டாக்டர் மறுபடி செய்யலாம் என்றால் நைட்ரைல் கையுறை போடுங்கள், பிசின் பட்டதும் கழற்றி எறியுங்கள். மெல்லிய லேடெக்ஸ் உறைக்குள் அக்ரிலேட் சீக்கிரம் புகுந்துவிடும். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான், ஸ்பிரிட் வைத்துத் துடைக்காதீர்கள், அது பிசினைக் கரைத்துப் பரப்பும். மிச்சத்தைச் சிங்கில் ஊற்ற வேண்டாம். வெயிலில் வைத்துக் கல்லாக இறுகியபின் அப்புறப்படுத்துங்கள்.

மாற்றுப் பிசின் வேண்டாம் என்பதுதான் என் பதில். முப்பரிமாண அச்சுப் பிசின் பெரும்பாலும் 405 நானோமீட்டர் ஒளிக்குச் செய்தது. சாதாரண வகை இறுகினால் விறைப்பாக நிற்கும். ஸ்டாம்ப் வளைந்து காகிதத்தில் படிய வேண்டும், மையைப் பிடித்து விட வேண்டும். நகப் பாலிஷ் விளக்கில் பல்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால் ஒளி சமமாக விழாது. ஒரு ஓரத்தில் எழுத்து நிற்கும், மறு ஓரத்தில் கழுவும்போது போய்விடும். உங்கள் வாடிக்கையாளர் ஸ்டாம்பைத் திருப்பிக் கொண்டு வந்தால் 6 மாத உத்தரவாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. ஒரே கண்ணாடியில் பல ஸ்டாம்புகளின் நெகட்டிவை நெருக்கி அடுக்குங்கள். ஓரத்தில் வீணாகும் பிசின் குறையும். ஸ்டாம்ப் மேல் பிசுபிசுப்பு போகவில்லை என்று தூக்கிப் போடுவதும் வீண். காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் மேற்பரப்பை இறுக விடாது, அதனால் வரும் பிசுபிசுப்பு அது. கழுவியபின் ஆழமில்லாத தட்டில் தண்ணீருக்குள் மூழ்க வைத்து, தயாரிப்பாளர் சொன்ன நேரத்துக்கு மறுபடி ஒளி காட்டினால் மேல் பக்கமும் இறுகிவிடும்.